வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது, எதற்கு மாறுவது? உதவி தேவை

பாம்பன் கரை:
வணக்கம். எங்கள் செயலியின் வாட்ஸ்அப் குழு 1024 பேரோடு நிரம்பிவிட்டது. சிலர் டெலிகிராமுக்குப் போய்விட்டார்கள், நிரல் எழுதுபவர்கள் மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டைத் தளத்தில். ஒரே கேள்வி மூன்று இடத்திலும் வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது? ஜூன் 14உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. விசைப்படகுகள் இறங்கிவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது, சீக்கிரம் சொல்லுங்கள்.

மதுரை மணி:
என்ன செயலி? பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர், பங்களிப்பவர்கள் எத்தனை பேர்? இது தெரியாமல் என்ன சொல்ல?

சூலிப் பிரியன்:
சூலிப் என்ற அரட்டைச் செயலிக்கு மாறுங்கள். ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் போகும். நாலு நாள் கழித்து வந்தாலும் வேண்டிய தலைப்பை மட்டும் படிக்கலாம். நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாகவே இடம் தருகிறார்கள்.

நெய்தல்:
ஓரிடத்துச் செய்தியை மற்ற இடங்களுக்கும் கடத்தும் பிரிட்ஜ் போட்டு மூன்றையும் இணைத்தால் யாரும் இடம் மாற வேண்டாமே?

பழைய உபுண்டு:
தம்பி, இதற்கெல்லாம் இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். பிரிட்ஜை நம்பாதீர்கள். லிபரா சாட் என்ற ஐஆர்சி (பழைய அரட்டை முறை) தளத்துக்கும் மேட்ரிக்ஸுக்கும் இருந்ததே 2023இல் நின்றுவிட்டது. பயர்பாக்ஸ் செய்யும் மொசில்லா 2020இல் ஐஆர்சியை விட்டு மேட்ரிக்ஸுக்கு வந்தது, நீங்களும் அதை மட்டும் வையுங்கள். கட்டற்ற மென்பொருள் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் உட்கார்ந்திருப்பது கொள்கைக்கே முரண்.

தொண்டி வல்லம்:
அண்ணே, நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். கடல் எல்லையை நெருங்கினால் மணி அடிக்கும் செயலி அது. கடலுக்குப் போகிறவர் கையில் இருப்பது வாட்ஸ்அப்தான். எங்கள் மாமா மணி அடிக்காததைக் குரல்பதிவாகத்தான் அனுப்பினார். ஒரே இன்ஜின் சத்தம், நடுவில் "போன் லைட்டு அணைஞ்சா சத்தம் போட மாட்டேங்குது" என்று ஒரு வரி. பேட்டரி சேவர் செயலியை நிறுத்திவிடுகிறது என்பது அதிலேயே புரிந்தது. அவரைக் கணக்குத் திறந்து எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பிழை நமக்குத் தெரிந்தே இருக்காது.

பழைய உபுண்டு:
அந்தக் குரல்பதிவு இப்போது எங்கே? காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கிடக்கும். பிழை என்றால் நிரலும் பிழைப் பட்டியலும் வைக்கும் கிட்லேபில் இருக்க வேண்டும்.

தொண்டி வல்லம்:
அதற்குத்தான் கேட்டு எழுத ஆள் வேண்டும் என்கிறேன். புதுச் செயலி எதற்கு?

பழைய உபுண்டு:
ஆள் கொஞ்ச நாளில் சோர்ந்துவிடுவார். கொள்கை சோராது.

சின்னப்பாலம்:
நீங்கள் இருவரும் பேசுவதில் ஒன்று விட்டுப்போகிறது. குழுவில் எல்லோருக்கும் நம்பர் தெரிவதால் பாசி எடுக்கும் அக்காமார் சேரவே மாட்டேன் என்கிறார்கள். காற்று, அலைச் செய்தி அவர்களுக்கும் வேண்டும். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்பையாவது அதில் போடுங்கள்.

மதுரை மணி:
பங்களிப்பவர்கள் எத்தனை பேர் என்று இன்னும் சொல்லவில்லை. பத்துப் பேர் என்றால் ஒரு மேட்ரிக்ஸ் அறை போதும்.

சூலிப் பிரியன்:
பத்துப் பேருக்கும் தலைப்பு வேண்டும்தான்.

பாம்பன் கரை:
பங்களிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அறிவிப்புக்குச் சேனல், நிரல் பேச்சுக்கு மேட்ரிக்ஸ். டெலிகிராமை மூடியாயிற்று. குரல்பதிவைக் கேட்டு கிட்லேபில் ஏற்ற தங்கச்சிமடத்தில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மணி அடிக்காத பிழையும் ஏறிவிட்டது. நன்றி.

மதுரை மணி:
குழு நிரம்பியது நிரம்பியபடிதானே இருக்கிறது? புதிதாக வருகிறவர் குரல்பதிவை எங்கே அனுப்புவார்?

தொண்டி வல்லம்:
அதற்குத் தனி நம்பர் ஒன்று வாங்கி, சேனலிலும் செயலியின் முதல் பக்கத்திலும் போடச் சொல்லியிருக்கிறேன்.