ராக்னி ராணியைக் கொன்றால் என்ன, விட்டால் என்ன?

பழைய டிஸ்க்
பக்கத்து ஸ்டார் ட்ரெக் இழையில ஓய்வுபெற்ற ஸ்பெக்டர் அண்ணன் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்காரு: "ஆடுபவனின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்த ஒரே விண்வெளி கேம் மாஸ் எஃபெக்ட். மீதியெல்லாம் பொம்மை." அங்கேயே பதில் சொன்னா ஸ்டார் ட்ரெக் ஆளுங்க கோவிச்சுப்பாங்க. அதனால தனி இழை.

மதிப்பாம். முதல் பாகத்துல நோவேரியா கிரகத்து ஆய்வுக்கூடத்துல, ராக்னிங்கற பூச்சி மாதிரி வேற்றுக்கிரக இனத்தோட ராணியைக் கண்ணாடித் தொட்டியில அடைச்சு வச்சிருப்பாங்க. விடலாம், இல்லன்னா அமிலத்தைத் திறந்து கொல்லலாம். நான் கொன்னேன். துடிக்கிறதையும் நின்னு பார்த்தேன். அந்த இனமே அத்தோட சரின்னு கேம்ல எல்லாரும் சொன்னாங்க. 2012ல மூணாவது பாகம் வாங்கி உட்டுக்கு கிரகத்துக் குகைக்குள்ள போனா, எதிர்ல ஒரு ராணி! ரீப்பர்கள், அதான் எல்லா இனத்தையும் அழிக்க வர்ற இயந்திரங்கள், செயற்கையா வளர்த்ததாம். ராணியை உயிரோட விட்டவனுக்கும் அதே குகை, அதே சண்டை. அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
தம்பி, பாதியைப் பார்த்துவிட்டு முழுவதையும் தீர்ப்பெழுதக் கூடாது. முதல் பாகத்தில் ராணியை விட்டவன், மூன்றாம் பாகத்தில் மறுபடியும் அவளைக் காப்பாற்றினால் ராக்னி வேலையாட்கள் ரீப்பர்களுக்கு எதிரான க்ரூசிபிள் ஆயுதத்தைக் கட்ட வருவார்கள். நம் படைபலத்தைக் கணக்கிடும் போர்ப் பட்டியலில் 100 புள்ளி. கொன்றவன் அந்தச் செயற்கை ராணியை நம்பிக் காப்பாற்றினால் அவள் துரோகம் செய்வாள். மனிதர்களின் அலையன்ஸ் பொறியாளர் படையில் 100 போய்விடும். குகை ஒன்றுதான், விளைவு தலைகீழ். இதை விளைவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நாங்கள் எக்ஸ்பாக்ஸ் 360ல் 2007லேயே இதை ஆடியவர்கள். சேவ் ஃபைலைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோனோம். யூட்யூபில் பார்த்துவிட்டு வந்து பேசவில்லை.

பழைய டிஸ்க்
நூறு புள்ளி! கும்பிட்டுக்கறேன். மல்டிபிளேயர் ஆடலன்னா அந்தப் புள்ளியைப் பெருக்கற ரெடினெஸ் 50 சதவீதத்துலயே நிக்கும், அப்ப உங்க நூறும் ஐம்பதுதான். அந்தத் துரோகத்தையாவது கண்ணுல காட்டினாங்களா? பட்டியல்ல ஒரு எழுத்துக் குறிப்பு, அவ்ளோதான்.

நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. கடைசிச் சண்டை லண்டன்ல நடக்குது. லண்டன்ல நம்ம பக்கம் நின்னு எத்தனை ராக்னி சண்டை போட்டுச்சு?

கார்ரஸ் ரசிகை
வேலையாளுங்க க்ரூசிபிள் கட்டப் போனாங்கன்னு சொல்றாரு. நீங்க லண்டன்ல தேடறீங்க. கொத்தனாரைப் போர்க்களத்துல காணோம்னு புகார் கொடுக்கற மாதிரி இருக்கு.

ராணியை விட்டவங்களுக்கு ரெண்டாவது பாகத்துல இல்லியம் கிரகத்துல அசாரி இனத்தவ ஒருத்தி வந்து அவளோட சேதியைச் சொல்லுவா. கொன்னவங்களுக்கு அந்த ஆளே வரமாட்டா. எனக்கு அது போதும்.

பழைய டிஸ்க்
ஒரு அசாரி வந்து வணக்கம் சொல்லிட்டுப் போறதுக்குப் பேர் விளைவா? லண்டன்ல எத்தனை ராக்னி?

நடுநிலை நக்கீரன்
நண்பர்களே, 'விளைவு' என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறீர்கள். கதை மாற வேண்டுமா, காட்சி மாற வேண்டுமா, ஆடுபவர் மனதில் உறுத்தல் இருந்தால் போதுமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பழைய டிஸ்க்
ரேவேஜர் வந்துச்சேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, இப்பவே சொல்லிடறேன். அது ராக்னியை ரீப்பர்கள் மாத்திச் செஞ்ச மிருகம், எதிரிப் பக்கம். ராணியை விட்டாலும் வரும், கொன்னாலும் வரும். இதுக்கு மேல என் கட்சிக்கு என்ன சாட்சி வேணும்?

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
அந்த அறையில் நின்றவனுக்குத்தான் தெரியும். செத்துக்கொண்டிருக்கும் ஒரு அசாரி வீராங்கனையின் வாய் வழியாக ராணி பேசுவாள். பேச்சு முழுக்கப் பாட்டும் நிறமும்தான். தன் இனத்தைக் கெடுத்த குரலைப் புளிப்பான மஞ்சள் சுரம் என்பாள். கூட வந்த இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். ராக்னிப் போரில்தான் சலாரியன் இனத்தார் க்ரோகன் என்ற போர்வீர இனத்தை ஆயுதம் கொடுத்து வளர்த்துவிட்டார்கள், அதன் பின்விளைவுதான் க்ரோகன்களின் பிறப்பைக் கிட்டத்தட்ட நிறுத்திய ஜெனோஃபேஜ் நோய். இவ்வளவு வரலாறும் அந்த இரண்டு தெரிவுக்குப் பின்னால் நிற்கிறது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் யோசித்தேன். உங்களுக்கு நூறு புள்ளி மட்டும் கண்ணில் படுகிறது.

பழைய டிஸ்க்
நல்லா எழுதறீங்க அண்ணே, அதை யாரு இல்லைன்னா? முதல் பாகம் அருமையாத்தான் கேள்வி கேட்டுச்சு. பதிலை மூணாவது பாகம் தூக்கிக் குப்பையில போட்டுச்சுன்னு சொல்றேன். கலெக்டர் தளம் கதையும் அதேதான். ரெண்டாவது பாகத்துக் கடைசியில அந்த எதிரித் தளத்தை வெடிக்க வைக்கவா, செர்பெரஸ் அமைப்புகிட்ட கொடுக்கவான்னு அவ்ளோ பெரிய பேச்சு. வெடிக்க வச்சவனுக்கு ரீப்பர் இதயம், 100 புள்ளி. கொடுத்தவனுக்கு ரீப்பர் மூளை, 110. பத்துப் புள்ளிக்கா செர்பெரஸ் தலைவன் இல்லூசிவ் மேன் அந்தக் கத்து கத்தினான்?

சரி, அதை விடுங்க. ராணிக்கு வாங்க. லண்டன்.

கார்ரஸ் ரசிகை
ராணியை மட்டும் பிடிச்சுத் தொங்கினா எப்படி? ஜெனோஃபேஜுக்கு மருந்து பரப்பப் போற சலாரியன் விஞ்ஞானி மோர்டினைப் பாருங்க. முதல் பாகத்துல விர்மைர் கிரகத்துல க்ரோகன் வீரன் ரெக்ஸ் செத்துட்டா மூணாவதுல க்ரோகன்களுக்கு ரீவ் தலைவன். ரெண்டாவது பாகத்துல மேலன்கிற விஞ்ஞானியோட மருந்து ஆராய்ச்சியையும் அழிச்சிருந்தா ஈவ்ங்கற க்ரோகன் பெண் பிழைக்கமாட்டா. அப்பதான் மோர்டின்கிட்டப் பேசி, மருந்தைப் பரப்பாம நிறுத்தி, அவரை உயிரோட அனுப்ப முடியும். ரெக்ஸ் உயிரோட இருந்தா அந்தப் பேச்சே எடுபடாது. மருந்தைத் தடுக்கணும்னா மோர்டினை முதுகுல சுடணும். அதுக்கப்புறம் ரெக்ஸுக்கு விஷயம் தெரிஞ்சு சிட்டடெல் விண்வெளி நிலையத்துலயே துப்பாக்கியோட வந்து நிப்பான். மூணு பாகத்துல எடுத்த மூணு முடிவு ஒரே இடத்துல வந்து மோதுது. இப்படி எழுதின இன்னொரு கேம் காட்டுங்க.

பழைய டிஸ்க்
நான் மோர்டினைப் பத்திப் பேசினேனா? தலைப்பைப் படிங்க. ராணி.

கார்ரஸ் ரசிகை
தலைப்பு வச்சதே நீங்கதானே! உங்களுக்குத் தோதான ஒண்ணைப் பொறுக்கி எடுத்துத் தலைப்பா வச்சுட்டு, மத்ததைப் பேசினா விலகிப் போறோம்னு சொல்றீங்க.

சிவப்பு பட்டன்
எதுக்கு இவ்ளோ வாய்த்தகராறு? ராணியை விடு, கொல்லு, கல்யாணம் பண்ணிக்கோ. கடைசியில சிவப்பு, நீலம், பச்சைன்னு மூணு முடிவுதான். 2012ல ரசிகர்கள் இந்தக் கேமைச் செஞ்ச பயோவேரின் எட்மன்டன் அலுவலகத்துக்கே மூணு கலர்ல 400க்கும் மேல கப் கேக் அனுப்பினாங்க. கலர்தான் வேற, ருசி எல்லாத்துலயும் ஒரே வெனிலா. அதைவிட நல்ல விமர்சனத்தை யாரும் எழுதலை.

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
வந்துவிட்டார், கப் கேக் பண்டிதர். முடிவுகளை விரிவாக்கிய எக்ஸ்டெண்டட் கட் 2012 ஜூன் 26 அன்று இலவசமாக வந்தது. மூன்றையும் மறுக்கிற நான்காவது முடிவும் அதில் உண்டு. அதை ஆடிப் பார்த்தீர்களா?

சிவப்பு பட்டன்
பார்த்தேன். மறுத்தா எல்லாரும் சாகறாங்க. கதை பிடிக்கலன்னு சொன்னதுக்குத் தண்டனை மாதிரி இருந்துச்சு. அதுவும் எப்ப வந்துச்சு? மார்ச்சுல கேம், ஜூன்ல பஞ்சாயத்துத் தீர்ப்பு. மல்டிபிளேயர் ஆடாதவனால நாம ஆடற ஷெப்பர்ட் கடைசியில மூச்சு விடற காட்சியை முதல்ல பார்க்கவே முடியல. அதுக்குத் தேவையான புள்ளி எல்லையையும் அப்பதான் குறைச்சாங்க.

ரெசல்யூட் மாலுமி
பக்கத்து இழையிலிருந்து வருகிறேன். "மீதியெல்லாம் பொம்மை" என்றவர் இன்னும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. 2023 மே மாதம் வந்த ஸ்டார் ட்ரெக்: ரிசர்ஜன்ஸ், டெல்டேல் கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் உருவாக்கியது. ஒரே கப்பலில் முதல் அதிகாரி ஜாரா ரைடெக்காகவும் கீழ்த்தளத்துப் பொறியாளர் கார்ட்டர் டயஸாகவும் மாறி மாறி ஆடுகிறோம். மேலே ஒருத்தி எடுக்கிற முடிவைக் கீழே இருக்கிறவன் சுமக்கிறான். ஸ்பாக்கும் வருகிறார். முகபாவம் சுமார்தான், ஷட்டில் ஓட்டுகிற இடங்கள் இழுவைதான். ஆனால் பொம்மை?

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
முகம் அசையாத பாத்திரத்தைப் பொம்மை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

ரெசல்யூட் மாலுமி
ஆண்ட்ரோமெடா வந்தபோது மனிதர்களின் முகம் எப்படி இருந்தது என்று ஊரே சிரித்ததே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்? அதுவும் உங்கள் மாஸ் எஃபெக்ட்தானே?

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பழைய டிஸ்க்
வசதியா இருக்கே! இடிக்கிறதெல்லாம் கணக்குல வராது. ஆண்ட்ரோமெடா வராது, கலெக்டர் தளம் வராது, லண்டன்ல வராத ராக்னியும் வராது.

கார்ரஸ் ரசிகை
ஒரு சின்ன சந்தேகம். பழைய டிஸ்க், கன்சோல் இழையில "நான் பிளேஸ்டேஷன் 3 ஆளு"ன்னு மார் தட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? பிஎஸ்3ல 2011 ஜனவரியில ரெண்டாவது பாகம்தான் முதல்ல வந்துச்சு. முதல் பாகம் 2012 டிசம்பர்லதான் வந்துச்சு, மூணாவதுக்கும் அப்புறம். உங்களுக்கு முதல் பாகத்துக்குப் பதிலா டார்க் ஹார்ஸ் போட்ட காமிக்ஸைத்தான் கொடுத்தாங்க. அதுல ராணியைக் கொல்லவா விடவான்னு ஒரு பெட்டி வரும், அழுத்தினா முடிஞ்சுது. அப்ப நோவேரியாவுல நின்னு அமிலத்தைத் திறந்து, துடிக்கிறதைப் பார்த்ததெல்லாம் எந்த மெஷின்ல?

சிவப்பு பட்டன்
அடி தூள்.

பழைய டிஸ்க்
பிஎஸ்3 வச்சிருந்தவன் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுன்னு சட்டமா? 2008லயே கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சு. பெரியப்பா பையன் வீட்டுல ஆடினேன். அவன் வேணும்னா வந்து சாட்சி சொல்லட்டுமா? இல்ல, மதர்போர்டு பில் வேணுமா? கேட்ட கேள்விக்குப் பதில் இல்லன்னா ஆளோட ஜாதகத்தைத் தோண்ட வேண்டியது.

கார்ரஸ் ரசிகை
பெரியப்பா பையன் சேவ் ஃபைல் அவன் கம்ப்யூட்டர்லதானே இருந்திருக்கும்? அது உங்க பிஎஸ்3க்கு எப்படி வந்துச்சு? சேவ் இல்லாம தொடங்கினா ராணி செத்துட்டதாத்தான் கேமே எடுத்துக்கும். ரெக்ஸும் செத்தவன்தான். நீங்க எடுத்த முடிவைக் கேம் மதிக்கலன்னு சண்டை போடறீங்க, அந்த முடிவு உங்களோடதுதானா?

பழைய டிஸ்க்
காமிக்ஸ்ல அழுத்தினா அது முடிவு இல்லையா? அப்ப பயோவேரே முடிவை ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வித்திருக்கான்னு நீங்களே சொல்றீங்க. நன்றி! இதைத்தான் மேல இருந்து கத்திட்டு இருக்கேன்.

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
எதைச் சொன்னாலும் அதை உங்களுக்குக் கிடைத்த வெற்றியாக எழுதிக்கொள்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்றாம் பாகத்தில் ராணியைக் காப்பாற்றினால் கூட வந்த க்ரோகன்களின் அராலாக் படை போய்விடும். அதன் தலைவன் க்ரண்ட்டின் நம்பிக்கையை இரண்டாம் பாகத்திலேயே டுசாங்கா கிரகத்தில் சம்பாதித்திருந்தால் மட்டும் அவன் தனியாக நின்று ராக்னிகளைத் தடுத்துவிட்டு, உடம்பெல்லாம் ரத்தத்தோடு தள்ளாடி வெளியே வருவான். வந்ததும் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்பான். சம்பாதிக்காதவனுக்கு அவன் வரவே மாட்டான். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுமா லண்டன் லண்டன் என்கிறீர்கள்?

பழைய டிஸ்க்
அது க்ரண்ட். நான் கேட்டது ராணி.

நடுநிலை நக்கீரன்
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சிவப்பு பட்டன்
சார், வரிசையில நில்லுங்க. முன்னாடி லண்டன் இருக்கு.

புதுக் கணக்கு
வணக்கம் எல்லாருக்கும். லெஜண்டரி எடிஷன் விலை குறைஞ்சிருக்கு, மூணு பாகமும் சேர்த்து வாங்கலாமா? ராணி பத்தி இப்பதான் படிச்சேன், கொல்லணுமா விடணுமா?

ஓய்வுபெற்ற ஸ்பெக்டர்
தாராளமாக வாங்குங்கள். 2021ல் வந்த அந்தத் தொகுப்பில் மல்டிபிளேயரை எடுத்துவிட்டார்கள், நூறு என்றால் நூறுதான். ராணியை விடுங்கள்.

பழைய டிஸ்க்
கொல்லுங்க. ஒண்ணும் ஆகாது.

கார்ரஸ் ரசிகை
புதுசா வந்தவர்கிட்டயும் ஆரம்பிச்சாச்சா? அவரையாவது சொந்தமா முடிவெடுக்க விடுங்க, உங்களை மாதிரி காமிக்ஸ்ல இல்லாம.

பழைய டிஸ்க்
அந்தக் காமிக்ஸ் விஷயத்தை விடமாட்டீங்க போல. கன்சோல் இழையில நான் என்ன எழுதினேன்னு முழுசாப் போடுங்க, பாதியை வெட்டாம. அப்புறம் பேசறேன்.