‘நோக்கம்’ என்று எழுத ஆங்கிலத்தில் எந்தச் சொல், எங்கே? – அனுபவப் பகிர்வு

எய்ம், கோல், ஒப்ஜெக்டிவ், பேர்பஸ், இன்டென்ஷன், டார்கெட். தமிழில் நோக்கம், குறிக்கோள், இலக்கு என்று ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் பேச்சு ஓடிவிடும். ஆங்கிலப் படிவத்தில் அப்படி ஓடாது. உங்கள் கைக்கு வருகிற கடிதம், முன்மொழிவு, ஆய்வறிக்கைகளில் எந்த இடத்தில் அடிக்கடி பிழை வருகிறது, எப்படித் திருத்துகிறீர்கள் என்று உதாரணத்தோடு எழுதுங்கள்.

செங்கலடி, ஆங்கில ஆசிரியை

சாதாரண தர மாணவர்களின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது ‘ஃபோர்’. “படிப்பதற்காகக் கொழும்புக்குப் போனான்” என்பதை ‘ஹி வென்ட் டு கொலம்போ ஃபோர் ஸ்டடியிங்’ என்று எழுதுவார்கள். தமிழின் ‘அதற்காக’ அப்படியே ‘ஃபோர்’ ஆகிவிடுகிறது. ஒருவர் ஒரு செயலை எதற்குச் செய்தார் என்றால் ‘டு ஸ்டடி’ மட்டும்தான். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபோர்’ சரி: ‘ஹி வென்ட் டு த மார்க்கெட் ஃபோர் ரைஸ்’. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போதும் சரி: ‘எ நைஃப் ஃபோர் கட்டிங் ஃபிஷ்’. இந்த மூன்றையும் ஒரே பாடவேளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தனித்தனியாகப் படிப்பித்தால் குழம்புவார்கள்.

எதிர்மறை இன்னொரு குழி. ‘பிந்தாமல் இருக்க’ என்பதற்கு ‘நொட் டு பி லேட்’ என்று வெறுமனே எழுதக்கூடாது, ‘ஸோ அஸ் நொட் டு பி லேட்’. செய்பவர் ஒருவர், பயன் இன்னொருவருக்கு என்றால் ‘ஸோ தட்’ வேண்டும். “பிள்ளைகள் வெயிலில் நிற்காமல் இருக்கக் கொட்டகை போட்டோம்” என்பதில் போட்டது நாங்கள், நிற்பது பிள்ளைகள். ஆகவே ‘ஸோ தட் த சில்ட்ரன் வுட் நொட் ஸ்டேன்ட் இன் த சன்’. முதல் வினை இறந்தகாலம் என்பதால்தான் ‘வுட்’. நிகழ்காலமாக இருந்தால் ‘வில்’ அல்லது ‘கேன்’.

அக்கரைப்பற்று, செயற்றிட்ட முன்மொழிவு எழுதுபவர்

டீச்சர் சொன்னது வசனத்துக்குள் வரும் பிழை. முன்மொழிவில் பிழை படிநிலையில் வருகிறது. செய்யப்போகிற வேலையையே ஒப்ஜெக்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள்: ‘டு கன்டக்ட் சிக்ஸ் வேர்க்‌ஷொப்ஸ்’. அது அக்டிவிட்டி. “ஆறு பட்டறை நடந்தால் என்ன மாறும்?” என்று கேளுங்கள், வருகிற பதில்தான் ஒப்ஜெக்டிவ்.

மருதமுனைக் கைத்தறியை வைத்துச் சொல்கிறேன். நெசவுக் குடும்பங்களின் வருமானம் நிலையாக இருப்பது கோல். அதை ஒரு திட்டம் தனியாக அடைந்துவிட முடியாது, அதற்குப் பங்களிக்கத்தான் முடியும். டிசம்பருக்குள் நெசவாளர்கள் புதிய வடிவங்களைத் தாங்களே வரைந்து நெய்யத் தொடங்குவது ஒப்ஜெக்டிவ். அவர்களில் 40 பேர் என்ற எண் டார்கெட். எண் இல்லாத இடத்தில் டார்கெட் என்ற சொல்லையே போட வேண்டாம். ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்ற நிலைபேறான அபிவிருத்தித் திட்டத்திலும் இதுபோன்ற ஓர் அடுக்கு உண்டு: மேலே 17 கோல், அவற்றின் கீழே 169 டார்கெட்.

ஒப்ஜெக்டிவின் முதல் வினை முக்கியம். ‘அன்டர்ஸ்டேன்ட்’, ‘பி அவெயார்’ என்று எழுதினால் பிறகு அளக்க வழியில்லை. ‘ரிடியூஸ்’, ‘இன்க்ரீஸ்’, ‘ஐடென்டிஃபை’ என்று எழுதினால் அளக்கலாம்.

பேர்பஸ் என்ற சொல்லைத் திட்டத்தில் அலங்காரத்துக்குச் சேர்க்கக்கூடாது. 1969இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்ட லொக்ஃப்ரேம் என்ற, திட்டத்தின் படிகளை ஒன்றாகக் காட்டும் அட்டவணையில் கோலுக்கு அடுத்த படியின் பெயரே பேர்பஸ். ஐரோப்பிய ஒன்றியப் படிவங்களில் ‘ஓவரோல் ஒப்ஜெக்டிவ்’, ‘ஸ்பெசிஃபிக் ஒப்ஜெக்டிவ்’ என்று வரும். பணம் தருபவரின் படிவம் எந்தச் சொல்லை வைத்திருக்கிறதோ, அதையே கடைசிவரை எழுதுங்கள். அழகுக்காகச் சொல்லை மாற்றினால், வாசிப்பவர் அது இன்னொரு படி என்று எண்ணிக்கொள்வார்.

ஒலுவில், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்

ஆய்வறிக்கையில் எய்ம் ஒன்று போதும். அதன் கீழ் மூன்று அல்லது நான்கு ஒப்ஜெக்டிவ். ஒவ்வொன்றுக்கும் முறையியல் அத்தியாயத்தில் ஒரு வழிமுறையும் முடிவுகளில் ஒரு தலைப்பும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஒப்ஜெக்டிவை வெட்டிவிடுங்கள். வாவியின் உவர்த்தன்மை இறால் விளைச்சலை எப்படிப் பாதிக்கிறது என்று அறிவது எய்ம் என்றால், முகத்துவாரம் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் உவர்த்தன்மையை அளப்பது ஒரு ஒப்ஜெக்டிவ்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது எய்முக்குப் பின்னால் வருவது. பெயர்ச்சொல்லாக வந்தால் ‘த எய்ம் ஒஃப் திஸ் ஸ்டடி இஸ் டு மெஷர்’. வினையாக வந்தால் ‘திஸ் ஸ்டடி எய்ம்ஸ் டு மெஷர்’. ‘எய்ம்ட் அட்’ வந்தால் பின்னால் ‘மெஷரிங்’ அல்லது ஒரு பெயர்ச்சொல். ‘எய்ம்ட் அட் மெஷர்’ என்று இரண்டையும் கலந்த வசனங்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஆய்வு முடிந்த பிறகு எழுதும் சுருக்கத்தில் ‘இஸ்’ பெரும்பாலும் ‘வொஸ்’ ஆகும். முன்மொழிவிலிருந்து வெட்டி ஒட்டுகிறபோது இது தப்பிவிடுகிறது.

மட்டக்களப்பு நகர், சட்ட ஆவணங்கள் மொழிபெயர்ப்பவர்

எங்கள் வேலையில் இந்தச் சொற்கள் மாறினால் வழக்கின் பொருளே மாறும். இன்டென்ஷன் என்பது செயலின் விளைவாக எதை நாடினார் என்பது. மோட்டிவ் என்பது ஏன் நாடினார் என்பது. காணிப் பகை மோட்டிவ், கொல்ல நினைத்தது இன்டென்ஷன். இரண்டையும் ‘நோக்கம்’ என்று போட்டு, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எது எதுவென்று தெரியாது. நான் மோட்டிவுக்கு ‘தூண்டுகாரணம்’, இன்டென்ஷனுக்கு ‘எண்ணம்’ என்று பிரித்து வைக்கிறேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு ‘கொமன் இன்டென்ஷன்’ பற்றியது. சட்டவிரோதக் கூட்டம் பற்றிய 146ஆம் பிரிவில் வருவது ‘கொமன் ஒப்ஜெக்ட்’. இவற்றுக்குத் தமிழில் ஒரே சொல்லைப் போடவே கூடாது.

‘ஒன் பேர்பஸ்’ (on purpose) என்றால் வேண்டுமென்றே செய்தார் என்று பொருள். ‘ஃபோர் த பேர்பஸ் ஒஃப்’ என்றால் இன்னதற்காக என்று பொருள், குற்றம் எதுவும் சுமத்தவில்லை. சத்தியக்கடதாசியில் இந்த ஒரு முன்னிடைச்சொல்லை இரண்டுதரம் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி

விசா படிவத்தில் ‘பேர்பஸ் ஒஃப் விசிட்’ என்ற கட்டத்துக்குள் வசனம் எழுத வேண்டாம். ‘டூரிசம்’, ‘ஸ்டடி’ என்று ஒரு சொல் போதும், மிச்சம் இணைக்கிற கடிதத்தில். அந்தக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் நோ இன்டென்ஷன் டு ஸ்டே’ என்பதைவிட ‘நோ இன்டென்ஷன் ஒஃப் ஸ்டேயிங்’ இயல்பானது. வினையாக எழுதினால் ‘ஐ டு நொட் இன்டென்ட் டு ஸ்டே’. ‘வில்’லும் ‘கோயிங் டு’வும் பற்றியும் ஒரு சொல்: முன்கூட்டியே தீர்மானித்ததற்குக் ‘கோயிங் டு’, பேசும்போதே அந்த நேரத்தில் முடிவெடுத்ததற்கு ‘வில்’.

சம்மாந்துறை

அலுவலக வாசல் பலகையில் விஷனும் (தொலைநோக்கு) மிஷனும் (செயற்பணி) ஒரே மாதிரி ‘டு’ என்று தொடங்குவதைப் பல இடங்களில் காணலாம். விஷன் நாளைக்கு வரவேண்டிய நிலையைச் சொல்வது, ஆகவே பெயர்த்தொடராக எழுதினால் தெளிவாக இருக்கும்: ‘எ கிளீன் அன்ட் ஹெல்தி டவுன்’. மிஷன் இன்றைக்கு என்ன செய்கிறோம், யாருக்கு, எதைக் கொண்டு என்பது. அதற்குத்தான் ‘டு’வும் வினையும்: ‘டு கலெக்ட் அன்ட் ரீசைக்கிள் வேஸ்ட் ஃப்ரொம் எவ்ரி ஹவுஸ்ஹோல்ட்’.