முதல் மசில்லோடர் வாங்கிய கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

பனிக்காடு (பென்சில்வேனியா)

டிசம்பர் 26 வந்தாலே எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ‘புஸ்’.

மூன்று வருடம் முன்பு 300 டாலருக்குள் ஒரு சிவிஏ உல்ஃப் வாங்கினேன், குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இறக்கிச் சுடுகிற மசில்லோடர். 50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்), நடுவில் மடங்கித் திறக்கிற இன்லைன், அதாவது பொறி பின்னாலிருந்து நேராக மருந்துக்குப் போகிற நவீன வகை. அக்டோபரில் ஒரு வாரம் பெட்டை மானுக்கு அதை எடுத்துப் போகலாம், போனேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து வரும் சீசனுக்கும் அதுவே போதும் என்று இருந்தவனை ஆபீஸில் ஒரு பெரியவர்தான் தடுத்தார். அந்த சீசன் பிளின்ட்லாக்குக்கு (கல் உரசும் பொறியில் சுடுகிற பழைய வகை) மட்டும், 1974-இல் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான், இன்லைனோடு பிடிபட்டால் அபராதம் என்றார். கையோடு தன்னுடைய பழைய பிளின்ட்லாக்கை 200 டாலருக்குக் கொடுத்தார். ஆக, சிக்கனமாக ஆரம்பித்து இரண்டு துப்பாக்கி.

காலை எட்டரை மணி, முழங்கால் வரை பனி, 30 கஜத்தில் பெட்டை மான் ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. விசையை இழுத்தேன். கல் உரசியது, பொறி பறந்தது, கிண்ணத்து மருந்து பற்றி என் புருவம் வரை சூடு வந்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்த மருந்து வெடிக்கவே இல்லை. ஒரு நிமிடம் குழலை அப்படியே முன்னால் நீட்டிப் பிடித்தபடி நின்றேன், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாமே. அந்த ஒரு நிமிடமும் மான் ஓடவில்லை. முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. முந்தின இரவு குழலுக்கு எண்ணெய் போட்டதை ஒற்றியெடுக்காமல் மருந்தை இறக்கியிருக்கிறேன், கிண்ணத்திலிருந்து உள்ளே தீ போகிற துளை அடைத்துக்கொண்டது. இது பிறகுதான் புரிந்தது.

நீங்கள் முதலில் எது வாங்கினீர்கள், என்ன ஆனது, சொல்லுங்கள்.

மச்சான்துணை (ஒகையோ)

நான் வாங்கியது அடகுக் கடையில், ஹாக்கென் என்ற பழங்கால மாதிரியில் ஒரு கேப் துப்பாக்கி, 150 டாலர். நிப்பிள் என்கிற சிறு முனையில் மாட்டும் கேப்பை, குதிரை என்கிற சுத்தியல் அடித்துப் பற்றவைக்கும் வகை. ஜனவரியில் இங்கே நான்கு நாள் மசில்லோடர் சீசன், அதற்காக. கட்டை பளபளவென்று இருந்தது, குழல் வாயில் துரு இல்லை. கடைக்காரர் “காலிதான்” என்றார். நானும் கடைக்குள்ளேயே குதிரையை இழுத்து விட்டுப் பார்த்தேன், எதிரே என் மச்சான் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சுத்தம் பண்ணலாம் என்று கோலை உள்ளே விட்டேன். குழல் வாயருகே கோலை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலுக்குப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், அடிப்பக்கம் போய்ச் சேர மூன்று அங்குலம் குறைகிறது. மறுபடி விட்டேன், மறுபடி மூன்று அங்குலம்.

துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். கார்பன் டை ஆக்சைடு அடித்துத் தள்ளினார். பழுப்பேறிய துணியோடு ஈயக்குண்டு வெளியே வந்து விழுந்தது, பின்னாலேயே மருந்தும். அதில் ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்துத் தீக்குச்சி காட்டினார், சட்டென்று பற்றியது. எத்தனை வருடம் அப்படியே கிடந்ததோ. கடையில் அன்று நிப்பிள் மேல் ஒரு கேப் இருந்திருந்தால் மச்சான் இல்லை. அந்தப் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது, நான் சிரித்துக்கொண்டு குதிரையை இழுக்கிற படம்.

ஒரேகுண்டு (ஜார்ஜியா)

அதனால்தான் பழைய ஹாக்கென் பக்கமே போகாதீர்கள் என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். பனிக்காடு அண்ணா முதலில் வாங்கியதுதான் சரி. என் முதல் மான் 80 கஜத்தில், சுட்டதும் புகை மூடிவிட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாமல் இருட்டும்வரை தேடினேன், மறுநாள் காலையில் கிடைத்தது, பாதி இறைச்சி வீண். என் கதை இவ்வளவுதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. 50 காலிபர் இன்லைன், 209 பிரைமர் (ஷாட்கன் தோட்டாவில் இருக்கிற பற்றவைப்பான்), வேறு யோசனை வேண்டாம். விலை குறைவு என்றால் சிவிஏ உல்ஃப் அல்லது டிரடிஷன்ஸ் பக்ஸ்டாக்கர், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தோளில் எது உட்காருகிறதோ அது. குழலின் உட்பக்க வரி எவ்வளவு முறுக்கு என்று பாருங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சேபாட்டும் (பிளாஸ்டிக் உறையில் வைத்த குண்டு) நீளக் குண்டும் நன்றாகப் போகும், 66 அங்குலத்துக்கு ஒன்று என்றால் உருண்டைக் குண்டுக்கு, 48 என்பது இரண்டுக்கும் நடுவில் சமாளிப்பு. மருந்துக்கு, மாத்திரையாக அழுத்தி வருவதில் 50 கிரெய்ன் (மருந்து அளக்கும் சிறு அலகு) இரண்டு, அதாவது 100, மானுக்கு அதுவே தாராளம், மூன்று போட்டுத் தோளை உடைத்துக்கொள்ளாதீர்கள். எக்காரணம் கொண்டும் புகையில்லா மருந்து (இக்காலத் தோட்டாக்களில் இருப்பது) போடாதீர்கள், குழல் கிழிந்துவிடும். பிரீச் பிளக் (குழலின் பின்பக்க அடைப்பு) மரையில் கிரீஸ் தடவாமல் சீசன் முழுக்க விட்டால் அடுத்த வருடம் அதைக் கழற்ற முடியாது. பைரோடெக்ஸ் என்ற மருந்தைச் சுட்டால் அன்று இரவே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், கசடு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து என்றால் தண்ணீர் உதவாது, எண்ணெய் வகைக் கரைப்பான் வேண்டும், பிரைமரும் வலுவாக இருக்க வேண்டும். ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்ந்து வருகிற பேக்கேஜாகவே வாங்கிவிடுங்கள், மிச்சம்.

மலைக்காற்று (கொலராடோ)

யாரும் கேட்காத அறிவுரை இவ்வளவு நீளத்துக்கா, ஒரேகுண்டு? அதிலும் கடைசி வரி என்னை அழவைத்தது.

அப்படி ஒரு பேக்கேஜைத்தான் நானும் வாங்கினேன். ஸ்கோப், மாத்திரை மருந்து, சேபாட் குண்டு, எல்லாம் ஒரே பெட்டியில். குலுக்கலில் செப்டம்பர் சீசனுக்கு அனுமதி விழுந்தது, லீவு போட்டாயிற்று. கிளம்புவதற்கு முந்தின இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படிக்கிறேன். மசில்லோடர் சீசனில் ஸ்கோப் கூடாது. சேபாட் கூடாது. மாத்திரை கூடாது, தூளாக அளந்து போடும் மருந்துதான். பெட்டியில் இருந்ததில் துப்பாக்கியைத் தவிர ஒன்றும் தேறவில்லை. மனைவி வந்து எட்டிப் பார்த்து, “இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னாடி படிக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மாநிலம் தெரியாமல் ‘இதுதான் சரி’ என்று எழுதாதீர்கள்.

வைகைக்கரை (மிசூரி)

எனக்கு நடந்தது காட்டில் இல்லை, கடையில். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், துப்பாக்கி என்ற சொல்லே பயம். வேட்டை உரிமம் கையில் இருந்தும் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போனேன். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாய்வழியே மருந்து நிரப்புகிற துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பழம்பொருள் கணக்கில் வரும், கூட்டரசுச் சட்டத்தில் அவை துப்பாக்கியே இல்லை என்றார். சரி என்று போனால், கடையில் படிவமும் இல்லை, விசாரணையும் இல்லை, கார்டைத் தேய்த்துவிட்டு “ரசீது வேணுமா?” என்று கேட்கிறார்கள். தக்காளி வாங்கின மாதிரி பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். யாராவது பின்னால் ஓடிவந்து கூப்பிடுவார்கள் என்று கார் நிறுத்துமிடம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நியூ ஜெர்சி மாதிரி இடங்களில் கதை வேறு, அங்கே துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை கேட்பார்கள். என்னைப் பார்த்து யாரும் கிளம்பிவிட வேண்டாம், உங்கள் விசாவுக்கு உங்கள் வக்கீல்.

ஏரிக்கரையான் (மிச்சிகன்)

எங்கள் தாத்தாவுக்குப் போடி மலையடிவாரத்தில் எஸ்பிஎம்எல் (ஒற்றைக்குழல் மசில்லோடர்) லைசென்ஸ் இருந்தது. தோட்டத்துக்குப் பன்றி வராமல் சத்தம் காட்டத்தான், மானைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். அவர் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர்.

டிசம்பரில் முதல் நாள் காடு சுற்றிவிட்டு, நிரப்பிய துப்பாக்கியைக் கேப்பை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். வெளியே மைனஸ், உள்ளே கதகதப்பு. இரும்பு முழுக்க வேர்த்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்று வந்து நின்றது, ‘டிக்’. கேப் மட்டும். தாத்தா இருந்திருந்தால் மண்டையில் ஒன்று வைத்திருப்பார், அவர் மழைக்காலத்தில் துப்பாக்கியை அடுப்படிப் பக்கம் விடவே மாட்டார். நிரப்பியதை வீட்டுக்குள் கொண்டுவந்ததே தப்பு என்பது தனி.

ஒரேகுண்டு (ஜார்ஜியா)

மலைக்காற்று, நான் ஜார்ஜியா என்று மேலேயே போட்டிருக்கிறேன். இங்கே ஸ்கோப் தாராளமாகப் போடலாம். விதிப் புத்தகத்தை நீங்கள் கடைசி இரவில் படித்ததற்கு நானா பொறுப்பு?

ஏரிக்கரையான், உங்களிடம் இருந்தது இன்லைனாக இருந்தால் இது நடந்திருக்காது.

ஏரிக்கரையான் (மிச்சிகன்)

இன்லைனுக்கு மட்டும் வேர்க்காதா, ப்ரோ?

பனிக்காடு (பென்சில்வேனியா)

சண்டை வேண்டாம். மச்சான்துணை, உங்கள் பதிவைப் படித்ததும் மாடிக்குப் போய் அந்தப் பெரியவர் கொடுத்த பிளின்ட்லாக்கில் கோலை விட்டுப் பார்த்தேன். காலிதான். ஆனால் கோலில் ஏற்கெனவே இரண்டு கோடுகள் கீறியிருக்கின்றன, ஒன்று காலிக்கு, இன்னொன்று நிரப்பினதற்கு. இத்தனை நாள் அதைக் கீறல் என்றே நினைத்திருந்தேன்.

மச்சான்துணை (ஒகையோ)

நிரப்பினதற்கான கோடு உங்கள் குண்டுக்கும் மருந்து அளவுக்கும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை நிரப்பிச் சரிபாருங்கள். அவர் 70 கிரெய்ன் போட்டிருப்பார், நீங்கள் 90 போடுவீர்கள்.