மறு: 'ஒன் டிசைன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பந்தயப் பாய்மரப் படகு பற்றிய கையேட்டில் 'ஒன் டிசைன்' (ஒன்றுபோலவே கட்டிய படகுகள் மட்டும் மோதும் வகுப்பு) என்ற இந்த ஒரு சொல்லால் மொத்த வரைவும் நிற்கிறது. வந்த மடல்களை எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> 'ஒற்றை வடிவமைப்புப் படகு' என்று போட்டால் முடிந்தது. எதற்கு இத்தனை மடல்?

முடியவில்லை, ஐயா. அப்படி எழுதினால் உலகில் ஒரே ஒரு படகுதான் இருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். பொருளோ நேர்மாறு. ஆயிரக்கணக்கில் கட்டினாலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கக் கூடாது. முதலில் வந்தவர் படகின் தயவால் வரவில்லை, தன் கைத்திறனால் வந்தார் என்று அடித்துச் சொல்ல முடியவேண்டும்.

> 'வடிவொத்த படகு' எளிமையாக இருக்கிறதே?

பள்ளிக் கணக்கு நினைவிருக்கிறதா? வடிவொத்த முக்கோணங்களில் ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது சர்வசமம். ஆனால் 'சர்வசமப் படகு' என்று எழுதினால் தேர்வுத்தாள் வாசனை அடிக்கும்.

> ஓரச்சுப் படகு. 'ஒரே அச்சில் வார்த்தது போல' என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது.

காதுக்கு இனிய சொல், மறுக்கவில்லை. லேசர் படகை மட்டும் பார்த்தால் நானும் இதற்கே கையெழுத்துப் போடுவேன். 1969இல் இயன் புரூஸ் தொலைபேசியில் கேட்க, படகு வடிவமைப்பாளர் புரூஸ் கர்பி தாளில் கிறுக்கிய கோட்டிலிருந்து பிறந்த படகு அது. காரின் கூரைமேல் ஏற்றிச் செல்லும் அளவு: நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், உடலின் எடை 59 கிலோ, பாய் 7.06 சதுர மீட்டர். உரிமம் பெற்ற பட்டறைகள் ஒரே கட்டுமானக் கையேட்டின்படி கட்ட வேண்டும். விதி வெளிப்படையாக அனுமதிக்காத எந்த மாற்றத்தையும் வாங்கியவர் செய்யக் கூடாது.

ஆனால் அச்சு எதை உறுதிசெய்கிறது? மெழுகு பூசி மெருகேற்றிய அச்சுக்குள் முதலில் ஜெல்கோட்டைத் தெளிக்கிறார்கள். படகின் வெளித்தோல் அதுதான். அது பதமாக இறுகியதும் கண்ணாடியிழை விரிப்பைப் பரப்பி, ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) இட்டு, உருளையால் அழுத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். ரெசின் தாராளமாகப் போனால் எடை ஏறும். கஞ்சத்தனம் காட்டினால் உடல் நெகிழும். வெளியே அளவுகோல் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அச்சு தருவது தோலின் உருவத்தை மட்டுமே. மற்றதெல்லாம் பட்டறையின் ஒழுங்கில் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வந்த மிரர் படகுக்கு அப்போது அச்சே கிடையாது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் வைத்து, வீட்டிலேயே கட்டினார்கள். அதுவும் 'ஒன் டிசைன்' வகுப்புதான். அதை 'ஓரச்சு' என்று எப்படிச் சொல்வது?

> எடையும் நீள அகலமும் ஒன்றானால் போதும். 'ஓரளவைப் படகு' என்போமே?

அளவு மட்டும் போதாது என்பதற்கு ஃபின் என்ற பந்தயப் படகு வகுப்பே சாட்சி. முன்முனையையும் பின்முனையையும் இலேசாகக் கட்டி, குறையும் எடைக்கு நடுவில் ஈயம் வைத்துவிட்டால் தராசு ஏமாந்துபோகும். அலையில் அந்தப் படகு குறைவாகத் தலையாட்டும், அதனால் வேகம் கூடும். 1970களில் கில்பெர் லாம்போலே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு சோதனை கொண்டுவந்தார். படகை ஓர் அச்சாணியில் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவார்கள். ஆட்டத்தின் காலத்தை அளப்பார்கள். பிறகு வேறோர் உயரத்தில் மாட்டி மறுபடியும் ஆட்டுவார்கள். இரண்டு காலங்களையும் வைத்துக் கணக்கிட்டால் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பது வெளிவந்துவிடும். தராசுக்குத் தெரியாததை ஊசல் சொல்லிவிடுகிறது. (இந்தக் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். அதற்குப் படம் கட்டாயம் வேண்டும்.)

ஆகவே என் முன்மொழிவு: நிகர்வடிவம். நிகர்வடிவப் படகு, நிகர்வடிவ வகுப்பு, நிகர்வடிவப் பந்தயம். 'நிகர்' என்றதும் நிகர லாபம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். 'நிகருக்கு நிகர்' என்று சொல்லிப் பாருங்கள், கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறதா? போட்டியும் சமமும் சேர்ந்தே ஒலிக்கிற சொல் நமக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இதற்குள் இரண்டு வழிகளையும் பிரித்துச் சொல்லலாம். லேசர் போலக் கட்டுபவரைக் கட்டுப்படுத்துவது 'கட்டுநர் கட்டுப்பாடு'. ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகைப் போலப் பல பட்டறைகள் கட்ட, படகுகளை அளந்து சரிபார்ப்பது 'அளவைக் கட்டுப்பாடு'. எதிர்ப்பக்கத்தில் மாத் போன்ற படகு வகுப்புகள் நிற்கின்றன. நீளம் 3.355 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற சில வரம்புகள்தான் அங்கே. உடலுக்குக் குறைந்தபட்ச எடை கூடக் கிடையாது. நீரடிச் சிறகில் எழுந்து பறக்கும் படகுகள் அந்த வகுப்பில் வளர்ந்ததற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம். அதற்கு 'வரம்புவடிவ வகுப்பு' பொருந்தும். நிகர்வடிவம், வரம்புவடிவம் என்று இரண்டும் ஜோடியாக அமைவது கூடுதல் வசதி.

> அப்படியே 'பிளக்', 'டேகர்போர்ட்' இரண்டுக்கும் சொல் வேண்டும்.

அச்சு எடுப்பதற்காக முதலில் செய்யும் முழு உருவத்துக்கு 'மூலவுரு'. பிளக் என்றே விட்டால் சுவரில் மின்சாரத் துளை தேடுவார்கள். இரண்டாவது, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகை. அதை 'குத்துவாள் பலகை' என்று பெயர்த்த அன்பரிடம் பொறுத்தருளக் கேட்டுக்கொண்டு 'செருகுபலகை' என்கிறேன். மேலிருந்து செருகுகிறோம், கரைக்கு வந்ததும் உருவுகிறோம். நடுவில் ஓர் அச்சாணியில் சுழலும் வகைக்கு 'சுழல்பலகை'.

'நிகர்வடிவம்' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். அந்தச் சொல் மிரர், லேசர் இரண்டுக்கும் பொருந்தவேண்டும், மாத்துக்குப் பொருந்தக் கூடாது.