தடுப்பூசி விலக்குச் சான்றை யாரிடம் பெறுவது?

அம்பாசமுத்திரம் வட்டத்தில் வசிக்கிறோம். முதல் வகுப்பில் சேரவிருக்கும் எங்கள் மகளுக்கு, தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் 2 தவணைகளும் போட்ட அட்டை இருந்தால்தான் இடம் என்று ஒரு தனியார் பள்ளி கூறிவிட்டது. 2020 நவம்பரில், அவளுக்கு 9 மாத வயதானபோது, முதல் தவணை போட்ட கால் மணி நேரத்திற்குள் அவளுக்கு உதடு வீங்கி, மூச்சு இரைத்து, உடம்பெங்கும் தடிப்பு கிளம்பியது. இரண்டாவது தவணை வேண்டாம் என்று மருத்துவர் அட்டையின் ஓரத்தில் பச்சை மையில் எழுதியதைப் பள்ளி ஏற்கவில்லை.

கிராம சுகாதார செவிலியரைக் கேட்டோம். தமக்கு அதிகாரம் இல்லை என்றார். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஆறு வாரமாகியும் பதில் இல்லை. கொரோனா தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின்படி எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், பொதுநலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறிய தீர்ப்பின் நகலையும் பள்ளியில் காட்டினேன். அது கொரோனாவுக்கு மட்டும் என்றார்கள். நாங்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் அல்லர். மற்ற ஊசிகள் அனைத்தையும் தவறாமல் போட்டிருக்கிறோம். சுற்றியுள்ள பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால்தான் இவளுக்கும் பாதுகாப்பு.

இத்தகைய ஒவ்வாமைக்கு, பள்ளி ஏற்கும்படியான விலக்குச் சான்றைத் திருநெல்வேலி மாவட்டத்தில் எந்த அலுவலர் வழங்குவார்?