உதவி: 'தி ஸ்பை இன் பிளாக்' சப்டைட்டில் பொருந்தல

நள்ளிரவு_ரீல்:
அவசரம். நாளைக்கு அப்பாவோட 70வது பிறந்தநாள். சாபு நடிச்ச 'தீஃப் ஆஃப் பாக்தாத்'ல ஜாஃபரா வந்த கான்ராட் ஃபைட்னா அவருக்கு உயிர். அதான் அவர் நடிச்ச இந்த ரெண்டாம் உலகப்போர் படம். ஒரு மாசம் உட்கார்ந்து வசனத்தைத் தமிழ்ல எழுதிட்டேன். ஓட்டினா பொருந்தல. என்ன பண்ண?

கலங்கரை:
எதுல பார்க்கறீங்க? முந்துதா, பிந்துதா? எவ்வளவு?

பென்டிரைவ்_பாண்டி:
டிவியில சொருகினா இப்படித்தான். எனக்கும் ஆச்சு. பென்டிரைவை ஃபார்மட் பண்ணுங்க.

பழைய_படச்சுருள்:
முதல்ல படத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க தம்பி. கதை நடக்கறது 1917ல, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுல. அது முதல் உலகப்போர். இயக்குநர் பவலும் கதாசிரியர் பிரஸ்பர்கரும் சேர்ந்த முதல் படம். தேடிப் பார்க்காம கேட்டா எப்படி?

நள்ளிரவு_ரீல்:
தம்பி இல்லைங்க, தங்கச்சி. லேப்டாப், விஎல்சி பிளேயர். ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப்போக முந்துது. சப்டைட்டிலைத் தள்ளிப்போடற ஹெச் பட்டனைத் தட்டினா அந்த இடம் மட்டும் சேருது. டீச்சர் வீட்டு மேசையில வெண்ணெயைப் பார்த்து ஜெர்மன் கேப்டன் அசந்துபோற இடத்துல வேற யாரோட வசனமோ ஓடுது.

கலங்கரை:
அப்ப வேக வித்தியாசம்தான். படம் எத்தனை நிமிஷம்? கடைசி வரி எப்ப வருது?

உப்புக்காத்து:
முந்தினா டீச்சர் உண்மையில யார்னு முன்னாடியே தெரிஞ்சுடுமே! அந்தப் படத்துக்கு உயிரே அதுதான்.

பென்டிரைவ்_பாண்டி:
நான் இன்னும் பார்க்கலைங்க. ஏன் சொல்றீங்க?

பழைய_படச்சுருள்:
1939 படத்துக்கு என்ன ரகசியம்? படம் ஆகஸ்ட்ல வந்துச்சு. கதையில வர்ற அதே ஸ்கேப்பா ஃப்ளோ துறைமுகத்துல அக்டோபர் 14 அன்னிக்கு நிஜமாவே யு-47ங்கற ஜெர்மன் நீர்மூழ்கி நுழைஞ்சு ராயல் ஓக்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடிச்சுது. 800 பேருக்கு மேல செத்தாங்க. பேச வேண்டியது அதைப் பத்தி.

உப்புக்காத்து:
அது சரித்திரம் சார். கதை முடிச்சைப் பார்க்காதவங்ககிட்ட அவிழ்க்கக் கூடாது. நானும் பாதி சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க பாண்டி.

நள்ளிரவு_ரீல்:
படம் 82 நிமிஷம். கடைசி வரி 78ல வந்துடுது.

கலங்கரை:
புடிச்சாச்சு. 82ஐ 25ஆல வகுத்து 24ஆல பெருக்குங்க, 78.7 வரும். நீங்க மொழிபெயர்த்த மூலம் ஐரோப்பிய டிவிடிக்கானது. அங்க நொடிக்கு 24 பிரேம் படத்தை 25ஆ ஓட்டுவாங்க, 4 சதவீதம் வேகம். உங்க வீடியோ 24ல ஓடுது. அதனால எத்தனை தடவை ஹெச் தட்டினாலும் நிக்காது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருள்ல பிரேம் ரேட்டை 25லேந்து 24க்கு மாத்துங்க. யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டுல சேமிங்க, இல்லன்னா தமிழ் எழுத்து குழம்பிடும். பழைய ஃபைலை அழிச்சுடாதீங்கம்மா, ஒரு மாச உழைப்பு.

நள்ளிரவு_ரீல்:
வெண்ணெய் வசனம் வாய் அசைவோட சேர்ந்துடுச்சு. நன்றிண்ணா. தூங்கப் போறேன்.

பென்டிரைவ்_பாண்டி:
அப்பா என்ன சொன்னார்?

பென்டிரைவ்_பாண்டி:
நாலு நாளாச்சு. அந்தத் தமிழ் ஃபைல் எனக்கும் கிடைக்குமா? எங்க வீட்டுலயும் ஒரு அப்பா இருக்கார்.