தொகுதி மடலில் எது இருக்க வேண்டும்: விழாவா, அவை நடவடிக்கையா?

உப்பனாறு:
புதுச்சேரியில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு மடல் அனுப்புகிறது. இந்த மாத மடலில் ஆடிக் கூழ்வார்ப்பு, கோயில் திருப்பணித் தொடக்கம், கிரிக்கெட் போட்டிப் பரிசளிப்பு, முதியோர் உதவித்தொகை ஆணை வழங்கல், வாய்க்கால் தூர்வாரும் பணியைப் பார்வையிட்டது எனப் பக்கம் பக்கமாகப் படங்கள் இருக்கின்றன. கடைசியில் 'சட்டமன்றத்தில் தொகுதிக் கோரிக்கைகளை வலியுறுத்தினார்' என்று ஒற்றை வரி. எந்தக் கோரிக்கை, எந்தத் துறைக்கான மானியக் கோரிக்கை (அத்துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்பது) மீதான விவாதத்தில் பேசினார், அமைச்சர் என்ன மறுமொழி தந்தார் என்று ஒன்றுமே இல்லை.

தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர் மட்டுமே உள்ள சிறிய அவை நம்முடையது. ஒன்றிய அரசு நியமிக்கும் மூவருக்கும் வாக்குரிமை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்ட நிலையில், மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒவ்வொருவரும் அங்கே என்ன பேசுகிறார் என்பது முன்னைவிட முக்கியமாகிறது. மடல் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கழுநீர்:
தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் உடன்பட இயலவில்லை. விழாவுக்குச் செல்வதை ஏதோ பொழுதுபோக்கு போல எழுதியிருக்கிறீர்கள். வீராம்பட்டினத்துத் தேர் வடத்தைப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து இழுத்தார். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். ஊர் கூடும் இடத்தில் ஆள்பவர் வந்து நிற்க வேண்டும் என்பது இந்த மண்ணின் பழைய எதிர்பார்ப்பு. கூழ்வார்ப்புக்கு வந்தவரிடம்தான் எங்கள் தெருப் பெண்கள் சிவப்பு அட்டை (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கான ரேஷன் அட்டை) கிடைக்காததைப் பற்றி முறையிட முடிந்தது. கட்சி அலுவலகத்துப் படியேற அவர்களில் பலர் தயங்குவார்கள்.

மேலும், நிதி சார்ந்த மசோதாவைத் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அறிமுகப்படுத்தவே முடியாத அவை இது. மாநிலத் தகுதி கேட்டு எத்தனையோ முறை தீர்மானம் நிறைவேற்றியும் அது கிடைத்தபாடில்லை. அப்படிப்பட்ட அவையில் ஆற்றிய உரையை ஏழு பக்கம் அச்சிட்டு எங்களுக்கு அனுப்பி என்ன பயன்? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியபோது, எந்தப் பள்ளியில் தங்கலாம், எங்கே உணவு தருகிறார்கள் என்பதை இதே அலுவலகத்தின் செய்திகளில்தான் எங்கள் பகுதியினர் அறிந்தார்கள்.

பழைய கொம்யூன் எழுத்தர்:
இருவரும் ஒரு வெற்றிடத்தைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வாய்க்கால் தூர்வாருவது சட்டமன்ற உறுப்பினரின் வேலையே அன்று. அது நகராட்சிக்கும், கிராமப்புற உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துக்கும் உரிய பணி. நம்மிடம் ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன; தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட அவற்றில் இல்லை. 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வாறு வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அன்று முதல் அதிகாரிகளே நிர்வகிக்கிறார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 243இ, 243யு பிரிவுகளின் கட்டளை. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வந்து நிற்கிறது. (2006 தேர்தல் நாளில் மை வைத்த விரலுடன் அலுவலகத்துக்கே வந்து காட்டிய பெரியவர்கள் இருந்தார்கள், இன்றைய வாலிபர்களிடம் அதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.)

தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்பதற்குக் கவுன்சிலர் இல்லாத ஊரில், சட்டமன்ற உறுப்பினரே கவுன்சிலராகவும் ஆகிவிடுகிறார். மடலும் அதற்கேற்றபடிதான் இருக்கிறது.

பெண்ணைக்குத் தெற்கே:
கடலூரிலிருந்து எழுதுகிறேன். எழுத்தர் ஐயா சொல்லும் காரணம் பாதிதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் நகராட்சி 2021இல் மாநகராட்சியானது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். இருந்தும் மழைநீர் தேங்கினால் மக்கள் சட்டமன்ற உறுப்பினரைத்தான் தேடுகிறார்கள். அவரும் வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார். ஒரு வேறுபாடு உண்டு. கவுன்சிலரிடம், 'இது உங்கள் பொறுப்பு, மாமன்றக் கூட்டத்தில் ஏன் கேட்கவில்லை?' என்று நாங்கள் வாதிட முடியும். உங்களுக்கு அந்த வாதத்துக்கே வழியில்லை.

உப்பனாறு:
எழுத்தர் ஐயா தந்த விவரங்கள் என் கோரிக்கைக்கே வலுச் சேர்க்கின்றன. உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டுமென்று எங்கள் உறுப்பினர் அவையில் ஒரு முறையாவது கேட்டாரா? கவுன்சிலர் இல்லாததால் தொகுதியில் அவருடைய செல்வாக்கு கூடுகிறது என்பதால், இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டே ஆக வேண்டும். மடலில் அதற்கு விடை இல்லை.

செங்கழுநீர் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாள சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாகப் புகுந்த நச்சு வாயுவால் மூவர் உயிரிழந்தார்கள். அந்தக் குழாய்கள் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் உள்ளவை. வீட்டு இணைப்புகளில் வாயு திரும்பி வராமல் தடுக்கும் நீரடைப்பு இருக்கிறதா, அதை யார் சோதிப்பது, நம் தொகுதியில் எத்தனை தெருக்களில் சோதனை முடிந்தது என்பன அவையில் வினாவாக எழுப்பி எழுத்தில் விடை பெற வேண்டியவை. உயிர் போன பிறகு வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுவது மனிதப் பண்பு. அதை மறுப்பவர் இல்லை. நிதி மசோதாவுக்கு ஆளுநரின் பரிந்துரை தேவைப்படலாம், ஆனால் இப்படியொரு வினாவைக் கேட்க எவருடைய பரிந்துரையும் தேவையில்லை. அவைக்கு அதிகாரம் குறைவு என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், இருக்கிற அதிகாரத்தையும் பயன்படுத்தாமல் இருப்பதற்கு அது வசதியான சாக்காகிவிடும்.

செங்கழுநீர்:
பாதாள சாக்கடை பற்றித் தாங்கள் கூறுவதை ஏற்கிறேன். அந்த வினா கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்காகக் கூழ்வார்ப்புப் படத்தின் மீது குற்றம் சுமத்துவது சரியன்று. என் அத்தை அந்த மடலைத் திறப்பதே தம் தெருவில் உள்ளவர்கள் படத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான். அப்படித் திறப்பவர்தான் அடுத்த பக்கத்தையும் படிப்பார். மானியக் கோரிக்கை விவரம் மட்டும் உள்ள மடலை நாம் நாலைந்து பேர் படித்து, நமக்குள் விவாதித்துக்கொண்டிருப்போம்.

பழைய கொம்யூன் எழுத்தர்:
அப்படியானால் கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். உறுப்பினர் எழுப்பிய வினாவின் எண், பேசிய தேதி, அமைச்சர் அளித்த உறுதிமொழியின் வாசகம் ஆகிய மூன்றும் மடலில் இருக்கட்டும். அமைச்சர் அவையில் 'செய்து தருகிறோம்' என்று சொல்லிவிட்டால், அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தேதியும் வாசகமும் கையில் இருந்தால் தொகுதி மக்களும் அதைச் சுட்டிக்காட்டி மனு எழுதலாம்.

உப்பனாறு:
நல்லது. இந்த மூன்றையும், உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய நிலைப்பாட்டையும் கேட்டு ஒரு கடிதம் எழுதி இங்கே இடுகிறேன். விழாக்களுக்கு ஒரு பக்கம் போதும் என்ற வரியும் அதில் இருக்கும்.

செங்கழுநீர்:
கடைசி வரியை நீக்கினால் என் கையெழுத்தும் என் தெருவினர் கையெழுத்தும் உண்டு. அந்த வரி இருந்தால் நான் இல்லை.